போர்டும் கணினியும் பேசிக்கொள்ள: சீரியல் தொடர்பு, கம்பியிலிருந்து நிரல் வரை

மைக்ரோகண்ட்ரோலரில் எல்இடியை மினுக்கிப் பார்த்தாயிற்று. அடுத்து எல்லோருக்கும் வரும் ஆசை ஒன்றுதான்: சிப்புக்குள் இருக்கும் எண்ணைக் கணினித் திரையில் பார்க்க வேண்டும், கணினியிலிருந்து கட்டளை கொடுத்தால் சிப் கேட்க வேண்டும். அதற்கு எளிய வழி சீரியல் தொடர்பு. தந்தி அச்சு இயந்திரங்கள் காலத்தில் பிறந்த முறை இது. லினக்ஸில் சீரியல் போர்ட்டின் பெயர் இன்றும் ‘டிடிஒய்’ என்று தொடங்குவது டெலிடைப் என்ற அந்த இயந்திரத்தின் நினைவாகத்தான்.

பலர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைத்துவிடுகிறார்கள். திரையில் குப்பை எழுத்து வந்ததும் நிரலைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் நானும் இரண்டு நாள் இப்படித்தான் வேகத்தை மாற்றி மாற்றி நிரல் எழுதினேன். சிப்புக்குத் தனி மின்சாரம் கொடுத்திருந்தேன். அதன் கிரவுண்டை, சிப்பின் சீரியல் கம்பிகளைக் கணினியோடு சேர்க்கும் யுஎஸ்பி அடாப்டரின் கிரவுண்டோடு சேர்க்கவில்லை. ஒரே ஒரு ஜம்பர் ஒயர் போட்டதும் எல்லாம் சரியானது. அன்றிலிருந்து கீழிருந்து மேலே போவதை விடாப்பிடியாகக் கடைப்பிடிக்கிறேன்: கேபிள், போர்ட், கம்பி, வேகம், எழுத்து, அதற்குப் பிறகுதான் நிரல். கீழ்ப்படி வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த பிறகே மேல்படி. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எடுத்துக்காட்டுக்கு ஆர்டுயினோ யூனோ போர்டு, எல்எம்35 வெப்பநிலை சென்சார், பைத்தான் இருக்கும் ஒரு மடிக்கணினி. சென்சார் காட்டும் வெப்பநிலை நொடிக்கு ஒருமுறை கணினிக்கு வர வேண்டும்; கணினி சொன்னால் போர்டிலுள்ள விளக்கு எரிய வேண்டும். வேறு போர்டு வைத்திருப்பவர்கள் எங்கே கவனிக்க வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில், கம்பியில் ஓடுவது என்ன?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் கோளாறுகளில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் அவசரப்படாமல் பார்ப்போம்.

சிப்பில் இந்த வேலையைச் செய்யும் பகுதிக்குப் பெயர் யுஆர்ட். அனுப்ப ஒரு கம்பி, அதுதான் டிஎக்ஸ். வாங்க ஒரு கம்பி, அது ஆர்எக்ஸ். எப்போது எந்த பிட் வருகிறது என்று சொல்லும் கடிகாரக் கம்பி இதில் கிடையாது. ஆகவே ஒரு பிட் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த உடன்பாடுதான் பாட் வீதம். பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்த சொல் அது. 9600 பாட் என்றால் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 104 மைக்ரோ விநாடி. 115200 என்றால் 8.68 மைக்ரோ விநாடி.

சும்மா இருக்கும்போது கம்பி உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். யூனோவில் அது 5 வோல்ட். அனுப்பத் தொடங்கும்போது ஒரு பிட் நேரத்துக்குக் கீழே இறங்கும். இது தொடக்க பிட். அப்புறம் 8 தரவு பிட்கள், மதிப்புக் குறைந்த பிட் முதலில். கடைசியில் கம்பி மீண்டும் மேலே ஏறி ஒரு பிட் நேரமாவது நிற்கும். இது நிறுத்த பிட். ஆங்கில எழுத்து வரிசையின் முதல் பெரிய எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எண் 65, இரும வடிவில் 01000001. தொடக்க, நிறுத்த பிட்களையும் சேர்த்தால் கம்பியில் ஓடும் வரிசை 0, 1, 0, 0, 0, 0, 0, 1, 0, 1. மொத்தம் 10 பிட். ஆகவே 9600 பாட் வேகத்தில் நொடிக்கு 960 பைட்தான் போகும். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

வாங்கும் பக்கம் என்ன செய்கிறது? கம்பி கீழே இறங்கிய நொடியில் தன் கடிகாரத்தைத் தொடங்குகிறது. பிறகு ஒவ்வொரு பிட்டின் நடுப்பகுதியிலும் எட்டிப் பார்த்து 0 அல்லது 1 என்று எழுதிக்கொள்கிறது. யூனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப், ஒரு பிட்டை வழக்கமாக 16 கூறாகப் பிரித்து 8, 9, 10 ஆகிய கூறுகளில் பார்த்து, மூன்றில் இரண்டு எது சொல்கிறதோ அதை ஏற்கும். இரு பக்கக் கடிகாரங்களும் சற்று விலகினால் பார்க்கும் இடம் பிட்டுக்குப் பிட் நகர்ந்துகொண்டே போகும். பத்தாவது பிட்டுக்குள் அரை பிட் அளவு நகர்ந்தால் எழுத்து கெட்டது. அதாவது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 5 சதவீத விலகலே உச்ச வரம்பு. ஒரு பக்கத்துக்கு 2 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

படி 1: கேபிளும் போர்ட்டும்

யூனோவை கணினியில் செருகுங்கள். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். ‘காம்’ என்ற பெயரோடு ஒரு எண் புதிதாக வர வேண்டும். கேபிளைக் கழற்றினால் அது மறைய வேண்டும், செருகினால் திரும்பி வர வேண்டும். இப்படி வந்து போவதைப் பார்த்தால்தான் அது உங்கள் போர்டு என்பது உறுதி. லினக்ஸில் யூனோ ‘ஏசிஎம்0’ என்று முடியும் பெயரிலும், தனி மாற்றி சிப் உள்ள போர்டுகள் ‘யுஎஸ்பி0’ என்று முடியும் பெயரிலும் வரும்.

எதுவும் வரவில்லையா? முதல் சந்தேகம் கேபிள்மேல். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் தரவுக் கம்பி இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு எதுவும் தெரியாது. இரண்டாவது சந்தேகம் டிரைவர். அசல் யூனோவில் யுஎஸ்பி பக்கத்தைக் கவனிக்க ஏடிமெகா16யு2 என்ற இன்னொரு சிப் இருக்கிறது. விலை குறைந்த நகல் போர்டுகளில் பெரும்பாலும் சிஎச்340 இருக்கும். சில விண்டோஸ் கணினிகளில் அதற்கு டிரைவர் தனியாக நிறுவ வேண்டும்.

லினக்ஸில் இரண்டு இடறல்கள். போர்ட் தெரிந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், உங்கள் பயனர் கணக்கை ‘டயல்அவுட்’ குழுவில் சேர்த்துவிட்டு, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். உபுண்டு 22.04 வைத்திருந்து, சிஎச்340 போர்டு ஒரு கணம் தோன்றி உடனே மறைந்தால், பிரெயில் திரைகளுக்கான ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற மென்பொருள் அதைத் தன்னுடையது என்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது. பிரெயில் திரை பயன்படுத்தாதவர்கள் அந்த மென்பொருளை நீக்கினால் போர்ட் நிலைத்து நிற்கும்.

படி 2: அனுப்பியது திரும்பி வருகிறதா?

பலர் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு இல்லை. யூனோவில் ரீசெட் முனையை ஒரு ஒயரால் கிரவுண்டோடு சேருங்கள். முதன்மைச் சிப் உறங்கிவிடும். இப்போது 0 (ஆர்எக்ஸ்), 1 (டிஎக்ஸ்) என்று எழுதியிருக்கும் இரண்டு முனைகளையும் இன்னொரு ஒயரால் இணையுங்கள். ஆர்டுயினோ மென்பொருளில் இருக்கும் சீரியல் மானிட்டரைத் திறந்து எதையாவது தட்டி அனுப்புங்கள். தட்டியது அப்படியே திரும்பி வந்தால் கணினி, டிரைவர், கேபிள், யுஎஸ்பி சிப் ஆகிய நான்கும் நன்றாக இருக்கின்றன. இனி எந்தக் கோளாறு வந்தாலும் இவற்றைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தனி யுஎஸ்பி அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது: அடாப்டரின் டிஎக்ஸ், ஆர்எக்ஸ் முனைகளை ஒன்றோடொன்று இணைத்தால் போதும்.

சோதனை முடிந்ததும் இரண்டு ஒயர்களையும் எடுத்துவிடுங்கள். 0, 1 முனைகளில் வேறு ஏதாவது மாட்டியிருந்தால் நிரலைப் போர்டில் ஏற்ற முடியாமல் போகலாம்.

படி 3: கம்பி இணைப்பும் மின்னழுத்தமும்

யூனோவுக்குக் கணினியோடு வேறு கம்பி தேவையில்லை, யுஎஸ்பி போதும். தனிச் சிப்பையோ வேறு போர்டையோ அடாப்டர் வழியாக இணைப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஒருவர் வாய் இன்னொருவர் காது என்பதால் டிஎக்ஸ் எதிர்ப்பக்க ஆர்எக்ஸுக்குப் போக வேண்டும், ஆர்எக்ஸ் எதிர்ப்பக்க டிஎக்ஸுக்கு. கிரவுண்ட் கிரவுண்டோடு. மின்னழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. பொதுவான கிரவுண்ட் இல்லாவிட்டால் எதை 5 வோல்ட் என்பது, எதை 0 என்பது என்றே எதிர்ப்பக்கத்துக்குத் தெரியாது. எனக்கு இரண்டு நாள் போனது இதனால்தான்.

ஈஎஸ்பி32 போன்ற சிப்புகள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை. 5 வோல்ட் டிஎக்ஸை நேராக அவற்றின் ஆர்எக்ஸில் கொடுக்காதீர்கள். 5 வோல்ட் டிஎக்ஸிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம். இரண்டும் சேரும் இடத்தில் 3.33 வோல்ட் கிடைக்கும், அதை ஆர்எக்ஸுக்குக் கொடுங்கள். எதிர்த்திசையில் ரெசிஸ்டர் வேண்டாம். 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி, 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தாலே அதை 1 என்று எடுத்துக்கொள்ளும்.

பழைய மேசைக் கணினியின் 9 முனை சீரியல் போர்ட் வேறு ரகம். அது ஆர்எஸ்-232 முறை: 1 என்றால் மைனஸ் 3 முதல் மைனஸ் 15 வோல்ட், 0 என்றால் பிளஸ் 3 முதல் பிளஸ் 15 வோல்ட். தலைகீழாக இருப்பது மட்டும் சிக்கல் இல்லை, நேராக இணைத்தால் சிப்பே எரிந்துபோகலாம். இடையில் மேக்ஸ்232 போன்ற சிப் கட்டாயம். அது 5 வோல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, சுற்றியுள்ள மின்தேக்கிகளின் உதவியால் பிளஸ், மைனஸ் இரண்டையும் தானே உண்டாக்கிக்கொள்ளும்.

படி 4: வேகத்தைப் பொருத்துவது

இரண்டு பக்கமும் 9600, 8 தரவு பிட், சமநிலை பிட் (பிழை பார்க்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) இல்லை, 1 நிறுத்த பிட். ஆர்டுயினோவில் இதுதான் இயல்பு. ‘சீரியல் பிகின்’ கட்டளையில் 9600 என்று கொடுத்தால் போதும். மானிட்டரின் வேகப் பட்டியலிலும் அதே எண். ஒன்றில் 9600, மற்றதில் 115200 என்றிருந்தால் கேள்விக்குறியும் கட்டமுமாகக் குப்பை வரும். குப்பை வருவது ஒரு வகையில் நல்ல செய்தி. கம்பி உயிரோடு இருக்கிறது, வேகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது.

சிப் தன் படிகக் கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்துத்தான் பாட் வீதத்தை உண்டாக்குகிறது. வகுத்தல் சரியாக வராத இடத்தில் பிழை நுழைகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் 9600 என்றால் பிழை 0.2 சதவீதம், கவலையே இல்லை. 115200 என்றால், ஒரு பிட்டை 16க்குப் பதில் 8 கூறாகப் பிரிக்கும் இரட்டை வேக முறையில் 8 ஆலும் 17 ஆலும் வகுத்துக் கிடைக்கும் உண்மையான வேகம் 117647, அதாவது 2.1 சதவீதம் கூடுதல். யூனோவில் இது ஏன் உறுத்தவில்லை? எதிரில் பேசும் 16யு2 சிப்பும் அதே 16 மெகாஹெர்ட்ஸில் ஓடி அதே பிழையைச் செய்கிறது.

கல்லூரி ஆய்வகத்தில் 8051 என்ற மைக்ரோகண்ட்ரோலரைப் படித்தவர்களுக்கு 11.0592 மெகாஹெர்ட்ஸ் என்ற விநோதமான படிகம் நினைவிருக்கும். அதை 12 ஆலும் 32 ஆலும் வகுத்தால் 28800. மூன்றால் வகுத்தால் துல்லியமாக 9600. அதே இடத்தில் 12 மெகாஹெர்ட்ஸ் படிகம் போட்டால் 10417 வரும், 8.5 சதவீதப் பிழை. நிரலில் ஒரு எழுத்துகூடத் தவறில்லாமலே திரையில் குப்பைதான் வரும்.

படி 5: போர்டிலிருந்து கணினிக்கு

எல்எம்35இன் தட்டைப் பக்கம் உங்களைப் பார்த்திருக்க, கால்கள் கீழே இருக்க, இடது கால் 5 வோல்ட், நடுக் கால் அனலாக் ‘ஏ0’ முனை, வலது கால் கிரவுண்ட். இடமும் வலமும் மாறினால் சென்சார் விரல் சுடும் அளவுக்குச் சூடாகும், உடனே கழற்றிவிடுங்கள்.

இந்தச் சென்சார் ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். யூனோ 0 முதல் 5 வோல்ட் வரை 1024 கூறாகப் பிரித்து அளக்கும். ஆகவே அளவை 500 ஆல் பெருக்கி 1024 ஆல் வகுத்தால் டிகிரி கிடைக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. யூனோவில் முழு எண் 32767 வரைதான் தாங்கும். அளவு 65 ஆக இருக்கும்வரை 32500, பிரச்சினை இல்லை. 66 ஆனதும் 33000, எண் நிரம்பி வழிந்து மைனஸ் ஆகிவிடும். 66 என்பது ஏறக்குறைய 32 டிகிரி. காலையில் சரியாக ஓடிய நிரல், வெயில் ஏறியதும் மைனஸ் 31 டிகிரி என்று காட்டும்! 500 என்பதை 500.0 என்று எழுதினால் கணக்கு தசம முறைக்கு மாறி இந்தத் தொல்லை தீரும்.

அனுப்புவதற்கு இரண்டு கட்டளைகள், குழப்பிக்கொள்ளக் கூடாது. ‘சீரியல் பிரிண்ட்’ எண்ணை எழுத்துகளாக அனுப்பும்: 65 என்றால் ஆறு என்ற எழுத்து, ஐந்து என்ற எழுத்து, மொத்தம் 2 பைட். ‘சீரியல் ரைட்’ அந்த மதிப்பையே ஒரு பைட்டாக அனுப்பும். திரையில் நாம் மேலே பார்த்த அந்த ஆங்கில எழுத்து வரும். நமக்கு வேண்டியது முதலாவது, அதிலும் வரியை முடித்துவைக்கும் ‘பிரிண்ட்எல்என்’ வடிவம். அது கடைசியில் 13, 10 என்ற இரண்டு பைட்களைச் சேர்க்கும். ஒரு அளவு எங்கே முடிகிறது என்று கணினி தெரிந்துகொள்வது அந்த வரி முடிவை வைத்துத்தான்.

எழுத்தாக அனுப்பினால் இடம் வீண் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்குப் பாருங்கள்: 31.25 என்ற அளவு வரி முடிவோடு சேர்த்து 7 பைட், 9600 பாட்டில் 7.3 மில்லி விநாடி. நொடிக்கு ஒருமுறை அனுப்ப இது தாராளம். கண்ணால் படிக்க முடிகிற வடிவத்தில் தொடங்குங்கள்; நொடிக்கு ஆயிரம் அளவுகள் வேண்டும் என்ற நாளில் இரும வடிவத்துக்கு மாறலாம். அப்படி மாறும்போது, யூனோவில் முழு எண் 2 பைட், ஈஎஸ்பி32இல் 4 பைட் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

நிரலின் சுழற்சி இவ்வளவுதான்: அளவை எடு, டிகிரியாக மாற்று, வரியாக அனுப்பு, ஒரு நொடி ஆகும்வரை பொறு. மானிட்டரில் எண்கள் வரிசையாக இறங்குவதைப் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போவோம்.

படி 6: கணினிப் பக்க நிரல்

மானிட்டரை மூடுங்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் வைத்திருக்க வேண்டும். விண்டோஸ் இரண்டாவது நிரலைத் திறக்கவே விடாது, அது நல்லது. லினக்ஸில் சில சமயம் இரண்டும் திறந்துகொள்ளும். வரும் பைட்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொள்ளும். பாதி பாதியாக எண்கள் வந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

பைத்தானில் ‘பைசீரியல்’ நூலகத்தை நிறுவுங்கள். போர்ட்டின் பெயர், 9600 வேகம், 1 நொடி காத்திருப்பு வரம்பு ஆகிய மூன்றையும் கொடுத்துத் திறக்க வேண்டும். காத்திருப்பு வரம்பைக் கொடுக்காவிட்டால், கேபிள் வழியே ஒன்றும் வராதபோது நிரல் அங்கேயே உறைந்து நிற்கும்.

திறந்ததும் 2 நொடி பொறுத்திருங்கள். கணினி போர்ட்டைத் திறக்கும்போது டிடிஆர் என்ற கம்பி ஒரு சிறு மின்தேக்கி வழியாக யூனோவை ரீசெட் செய்கிறது. நிரல் ஏற்றும்போது நாம் பொத்தானை அழுத்த வேண்டியிராமல் செய்யும் ஏற்பாடு அது. ஆனால் போர்டு விழித்தெழுவதற்குள் அனுப்பும் கட்டளை காற்றில் போகும். பொறுத்த பிறகு, அதுவரை சேர்ந்த பழைய தரவைத் துடைத்துவிட்டு ‘ரீட்லைன்’ என்று வரி வரியாகப் படியுங்கள். வருவது பைட்களின் தொடர். அதை எழுத்தாக மாற்றி, ஓரங்களில் ஒட்டியிருக்கும் வரி முடிவை வெட்டி, தசம எண்ணாக்குங்கள். துடைத்தது ஒரு வரியின் நடுவில் என்றால் முதல் வரி பாதிதான் இருக்கும். அதனால் எண்ணாக மாற்ற முடியாத வரியைத் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும்படி எழுதுங்கள். இந்த ஒரு பாதுகாப்பு இல்லாமல் இரவு முழுவதும் ஓட வேண்டிய நிரல் முதல் நிமிடத்திலேயே நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சரியான அளவுகளை நேரத்தோடு சேர்த்து ஒரு கோப்பில் எழுதிவிடலாம்.

படி 7: கணினியிலிருந்து போர்டுக்கு

1 என்று அனுப்பினால் 13ஆம் முனை விளக்கு எரியட்டும், 0 என்றால் அணையட்டும். இங்கே இடறும் இடம் இது: 1 என்ற எழுத்தின் மதிப்பு 49, 0 என்ற எழுத்தின் மதிப்பு 48. நிரலில் வந்த பைட்டை 1 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் விளக்கு ஒருநாளும் எரியாது. ஒற்றை மேற்கோளுக்குள் எழுத்தாக எழுதி ஒப்பிடுங்கள்.

நீளமான கட்டளைகளுக்கு ‘ரீட்ஸ்டிரிங்’ வசதியாகத் தோன்றும். ஆனால் இனி ஒன்றும் வராது என்று முடிவு செய்ய அது ஒரு நொடி காத்திருக்கும். அந்த நேரம் போர்டு வேறு எதையும் செய்யாது. பைட் வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்த்துவைத்து, வரி முடிவு வந்ததும் கட்டளையைப் பார்ப்பதே சரியான முறை. மானிட்டரிலிருந்து சோதிக்கும்போது வரி முடிவு அனுப்பும் அமைப்பு ‘நியூலைன்’ என்று இருக்கிறதா பாருங்கள்.

வந்த பைட்கள் நிரல் எடுக்கும்வரை காத்திருக்கும் இடம், அதாவது யூனோவின் வாங்கும் தொட்டி, 64 பைட் கொண்டது. 115200 வேகத்தில் அது நிரம்ப ஏறக்குறைய 5.5 மில்லி விநாடி போதும். படி 5இல் ஒரு நொடி பொறுக்க ‘டிலே’ போட்டிருந்தால், அந்த ஒரு நொடிக்குள் வரும் நீண்ட தரவில் 64க்கு மேற்பட்டவை ஓசையில்லாமல் தொலைந்துபோகும். ‘டிலே’யை எடுத்துவிட்டு, ‘மில்லிஸ்’ கட்டளையால் கடந்த நேரத்தைக் கேட்டுக் கேட்டு, நொடி ஆனதும் அனுப்பும்படி மாற்றுங்கள். இந்த மாற்றத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

தரவு கெட்டுப்போனால் எப்படித் தெரியும்?

மோட்டார், ரிலே பக்கத்தில் கம்பி ஓடினால் இரைச்சல் நுழைந்து ஒரு பிட் மாறலாம். 31 டிகிரி 71 ஆகிவிடும், எண்ணாகப் பார்க்க அதிலும் குற்றமில்லை. ஜிபிஎஸ் கருவிகள் கையாளும் முறையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். அவை ஒவ்வொரு வரியையும் டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறிக்குப் பிறகு ஒரு சரிபார்ப்பு எண்ணை வைக்கின்றன. இரண்டு குறிகளுக்கும் நடுவிலுள்ள எல்லா பைட்களையும் எக்ஸ்ஓஆர் (இரு பிட்களும் வேறானால் 1, ஒன்றேயானால் 0) செய்து கிடைப்பதுதான் அந்த எண். கணினியும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, பொருந்தாத வரியை ஒதுக்கும். போர்டில் நான்கு வரி, பைத்தானில் நான்கு வரி நிரல்.

கம்பி நீளம் இன்னொரு எல்லை. யூனோவின் 5 வோல்ட் டிஎக்ஸ் ஒரு மேசைக்குள் பேசுவதற்கானது. மாடித் தொட்டியிலோ தோட்டத்து மோட்டார் அறையிலோ சென்சார் இருந்தால் ஆர்எஸ்-485 மாற்றிகள் இரண்டு வாங்குங்கள், முனைக்கு ஒன்று. முறுக்கிய இரட்டைக் கம்பியில், இரண்டுக்கும் இடையிலான வேறுபாடாகத் தரவை அனுப்புவதால் பொதுவாக நுழையும் இரைச்சல் தன்னால் கழிந்துவிடும். குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஒரே ஜோடிக் கம்பியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால், அனுப்பும் முன் மாற்றியின் திசை முனையை உயர்த்தி, கடைசி பைட்டின் நிறுத்த பிட் போய் முடிந்த பிறகே இறக்க வேண்டும். ஆர்டுயினோவில் ‘சீரியல் ஃபிளஷ்’ கட்டளை அதுவரை காத்திருக்கும்.